மிச்சமுள்ள பதினேழு மணி நேரம்

ஜூன் தொடக்கத்தில், பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, லிங்கராஜபுரம் மேம்பாலத்திலிருந்து இறங்கும் ஆட்டோக்களில் பல ஒரே மாதிரி சாமான்களோடு வரும். தகர ட்ரங்குப் பெட்டி, கயிறு போட்டுச் சுருட்டிய மெத்தை, உள்ளே குவளை உருளும் பிளாஸ்டிக் வாளி, இவற்றுக்கிடையே நெருக்கி உட்கார்ந்த பத்து வயதுப் பையன். ஹட்சின்ஸ் சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் அந்த விடுதியின் வாசலில் நின்று வண்டிகளை எதிர்கொள்ளும் காப்பாளர், பெட்டிச் சாவி யார் கையில் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். பையனே அதை அரைஞாண் கயிற்றில் கோத்து வைத்திருந்தால், வீட்டில் அவனைத் தயார்படுத்தி அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள். அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்தால், அன்றிரவு அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொள்ள வேண்டும்.

காப்பாளர் கோலார் தங்கவயல்காரர். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டபோது அவருக்கு முப்பது வயதைத் தாண்டியிருந்தது. மூடிய பிறகு ஊரில் இருந்த ஆண்கள் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்பத் தொடங்கினார்கள். வீட்டில் பிள்ளையைக் கவனிக்க ஆளில்லாத குடும்பங்கள் அதே ரயிலில் பிள்ளையையும் கூட்டிவந்து விடுதியில் சேர்த்தன. மாரிக்குப்பத்தில் ஏறி கண்டோன்மென்ட் நிலையத்தில் இறங்கிய பையன்களில் எத்தனையோ பேரை அவர் வளர்த்து அனுப்பியிருக்கிறார். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகளும் மண்டியா, ராம்நகரப் பிள்ளைகளும் சேர்ந்து, நாற்பது கட்டில்கள் எப்போதும் நிரம்பியே இருந்தன.

அவர் அடிக்கடி போடும் கணக்கு ஒன்று உண்டு. பள்ளிக்கூடம் காலை எட்டரைக்குப் பிள்ளையை வாங்கிக்கொண்டு மூன்றரைக்குத் திருப்பித் தருகிறது. அது ஏழு மணி நேரம். மிச்சமுள்ள பதினேழு மணி நேரமும் விடுதிக்கு. குளிப்பது, உண்பது, அழுவது, சண்டை போடுவது, காய்ச்சலில் பிதற்றுவது எல்லாம் இந்தப் பதினேழுக்குள் வருகிறது. ஏழு மணி நேரத்தை வைத்திருப்பவர் ஆசிரியர் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பதினேழு மணி நேரத்தை வைத்திருப்பவரிடம் பெரும்பாலான இடங்களில் கேட்பதெல்லாம் 'கல்யாணம் ஆயிடுச்சா, இங்கேயே தங்குவீங்களா' என்ற இரண்டு கேள்விதான். இது ஒரு தொழில், இதற்குக் கைத்திறன் உண்டு, அதைக் கற்றுத்தர வேண்டும் என்பதை அவர் யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை.

பெங்களூரில் விடுதிப் பள்ளி என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது பழைய ஆங்கிலப் பள்ளிகள். பிஷப் காட்டன் 1865-ல் தொடங்கியது, பால்ட்வின் 1880-ல். லிங்கராஜபுரத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் கிளாரன்ஸ் பள்ளி 1914-ல் வந்தது. அந்த மரபுக்கென்று மேட்ரன், ஹவுஸ் மாஸ்டர், மணியோசை எல்லாம் உண்டு. காப்பாளரின் விடுதி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. மாடி வீட்டை நீட்டிக் கட்டிய இரண்டு கூடங்கள், இரண்டடுக்கு பங்க் கட்டில்கள், ஒரு மெஸ், துணி உலர்த்த ஒரு மொட்டைமாடி. நாட்டில் விடுதியில் படிக்கும் பிள்ளைகளில் பலர் இப்படிப்பட்ட இடங்களில்தான் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் குறைவாக எழுதப்படுகிறது.

புதிதாக வந்த பையன் பகலில் அழமாட்டான். விளையாட்டு முடிந்து முகம் கழுவி, படிப்பு மணி அடிப்பதற்கு முன்னால் வரும் அந்த அரைமணி நேரம் ஆபத்தானது. வீட்டில் விளக்கேற்றும் நேரம் அது. அப்போது அவனுக்கு ஒரு வேலை வேண்டும். மணி அடிப்பது, மெஸ்ஸில் தட்டு எண்ணி வைப்பது, கொசுவத்தி ஏற்றும் பெரிய பையனோடு போவது, ஏதாவது ஒன்று. ஆறுதல் சொல்வதைவிட வேலை கொடுப்பது பலிக்கும் என்கிறார் காப்பாளர்.

வீட்டு ஏக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டோபர் தர்பர், பெற்றோர் கொடுக்கக் கூடாத வாக்குறுதி ஒன்றைக் குறிப்பிடுகிறார். பிடிக்காவிட்டால் வந்து கூட்டிப்போய்விடுவேன் என்பது அது. அப்படிச் சொல்லிவிட்டால் பிள்ளை இருக்கும் இடத்தில் ஒட்ட முயல்வதை விட்டுவிட்டு, வாசலைப் பார்த்துக் காத்திருக்கத் தொடங்கிவிடுகிறது. காப்பாளர் தர்பரைப் படிப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இதைக் கண்டிருக்கிறார். "நல்லாப் பாத்துக்கோ, பிடிக்கலைன்னா அப்பா வந்துடறேன்" என்று வாசலில் சொல்லிப்போன தகப்பனின் மகன்தான் தசரா விடுமுறை வரைக்கும் தேறாமல் கிடப்பான். "நாளைக்கு அம்மா வருவாங்களா சார்?" என்று கேட்கும் பையனிடம் அவர் பொய் சொன்னதில்லை. "நாளைக்கு இல்லடா, ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. அதுக்கு இன்னும் ஒம்போது ராத்திரி இருக்கு, வா எண்ணலாம்" என்று காலண்டர் முன்னால் கூட்டிப்போவார். எண்ண முடிந்த துக்கத்தைப் பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள்.

இந்த வேலையின் முழுத் திறமையும் தெரிவது ஈரமான படுக்கையில்தான். பத்து வயதிலும் இருபதில் ஒரு பிள்ளை தூக்கத்தில் சிறுநீர் கழிக்கும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. நாற்பது பேர் விடுதியில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். புதிய இடத்தின் பயம் சேர்ந்தால் இன்னும் கூடும். அந்த இரண்டு பேரும் யார் என்பது மற்ற முப்பத்தெட்டு பேருக்கும் தெரியாமல் ஓர் ஆண்டை நகர்த்த வேண்டும். காப்பாளர் செய்தது இது. எல்லாக் கட்டில்களுக்கும் ரப்பர் விரிப்பு, ஒருவனுக்கு மட்டும் போட்டால் அதுவே அடையாளமாகிவிடும். எல்லோருக்கும் ஒரே நிறப் படுக்கை விரிப்பு, பெயர் எழுதாதது. விரிப்பு வைக்கும் அலமாரிக்குப் பூட்டு இல்லை, எடுப்பவனிடம் கேள்வியும் இல்லை. இரவு பதினோரு மணிச் சுற்றில் அந்த இரண்டு பேரைத் தோளில் தட்டி எழுப்புவார். அவர்களோடு சேர்த்து வேறு மூன்று பேரையும் எழுப்பிக் கூட்டிப்போவார். காலையில் வாளி ஊறப்போடுவதும் எல்லோருக்கும் பொதுவான வேலை.

இதற்கு ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு அவர் ஜார்ஜ் ஆர்வெலைச் சொல்வார். எட்டு வயதில் இங்கிலாந்தில் செயின்ட் சிப்ரியன்ஸ் என்ற விடுதிப் பள்ளியில் சேர்ந்த புதிதில் ஆர்வெல் படுக்கையை நனைத்தார். அதற்காக அடிபட்டார். உலகம் அறிந்த எழுத்தாளரான பிறகும் அந்த அடியும் அவமானமும் அவரை விடவில்லை. நீண்ட கட்டுரையாக எழுதிவைத்தார், அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து 1952-ல்தான் அது அச்சில் வந்தது. தூக்கத்தில் நடந்த ஒன்றுக்கு விழித்திருக்கும்போது தண்டனை வாங்கிய பிள்ளை, எது தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது எது இல்லை என்ற தெளிவையே இழந்துவிடுகிறது. நம் விடுதிகளில் இன்றும் நனைந்த விரிப்பை எல்லோரும் பார்க்க வெயிலில் பிடித்துக்கொண்டு நிற்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பேசும்போது மட்டும் காப்பாளரின் குரல் உயர்கிறது.

அடுத்தது தண்ணீர். பெங்களூரில் விடுதி நடத்துகிறவர் பாதி நேரம் தண்ணீர்க்காரர்தான். காவிரி நீர் சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றப்பட்டு இந்த நகரத்துக்கு வருகிறது. அதுவும் பல பகுதிகளில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். வருகிற நேரத்தில் தரைத் தொட்டி நிரம்ப வேண்டும், மோட்டார் போட மின்சாரம் இருக்க வேண்டும், சின்டெக்ஸ் வழிவதற்குள் யாராவது நிறுத்த வேண்டும். நாற்பது பையன்களுக்குத் தலைக்கு இரண்டு வாளி, பதினைந்து லிட்டர் வாளி என்றால், காலைக் குளியலுக்கே 1,200 லிட்டர். கழிவறை, சமையல், துணி எல்லாம் அதற்கு மேல்.

2024 மார்ச்சில் கணக்கு முழுக்கக் குலைந்தது. நகரத்தில் அரசுக்கு இருந்த சுமார் 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் 6,900 வறண்டுவிட்டதாக முதலமைச்சர் சித்தராமையாவே அறிவித்தார். குடிநீரில் வண்டி கழுவினாலோ தோட்டத்துக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். டேங்கர்காரர்கள் வாய்க்கு வந்த விலையைக் கேட்டதால் மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்தது: ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் டேங்கருக்கு 600 ரூபாய். அந்த விலைக்கு டேங்கர் கேட்டால் இரண்டு நாள் கழித்து வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு தொடங்கியதும் அதே மார்ச்சில்தான். பரீட்சைக்குப் போகும் பத்தாம் வகுப்புப் பையன்களுக்கு முழு வாளி, மற்றவர்களுக்கு அரை வாளி என்று பிரிக்கலாமா என்று பேச்சு வந்தபோது, முடிவைப் பையன்களிடமே விட்டார் காப்பாளர். கூடம் முழுக்க உட்கார்ந்து பேசி, எல்லோருக்கும் ஒரு வாளி, ஒருவன் குளித்த சோப்புத் தண்ணீர் கழிவறைக்கு என்று தீர்மானித்தார்கள். அந்தக் கோடையில் தண்ணீருக்காக ஒரு சண்டைகூட வரவில்லை. பிள்ளைகளுக்குத் தட்டுப்பாடு பெரிய துன்பமாகத் தெரிவதில்லை, ஒருவனுக்கு அதிகம் போவதைத்தான் அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கழிவறைகளைப் பொறுத்தவரை அவர் தனக்கென்று ஓர் அளவு வைத்துக்கொண்டார். சிறார் நீதி மாதிரி விதிகள், 2016, குழந்தைகள் காப்பகங்களுக்கு ஏழு பிள்ளைகளுக்கு ஒரு கழிவறை, பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குளியலறை என்கின்றன. பள்ளி விடுதிக்கு அது நேரடியாகப் பொருந்தாது, ஆனால் பிள்ளையின் வயிறு ஒன்றுதானே என்பார். சறுக்காத தரை, பிடித்துக்கொள்ளக் கம்பி, எட்டும் உயரத்தில் குழாய் என்பதையெல்லாம் அவர் அக்கம்பக்கத்திலிருந்தே கற்றார். போலியோவால் பாதிக்கப்பட்ட என்.எஸ்.ஹேமா 1959-ல் தொடங்கிய மாற்றுத்திறனாளிகள் சங்கத்தின் வளாகம் இதே லிங்கராஜபுரத்தில் இருக்கிறது. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைக்கென்று செய்யும் வசதி, காய்ச்சலில் தள்ளாடும் பிள்ளைக்கும் அரைத்தூக்கத்தில் எழுந்து போகும் பிள்ளைக்கும் உதவுகிறது.

சிரங்கு பற்றியும் சொல்லியாக வேண்டும், விடுதி என்றால் அது வரும். ஒருவனுக்கு மருந்து போட்டுப் பயனில்லை. ஒரே இரவில் நாற்பது பேருக்கும் கழுத்திலிருந்து பாதம் வரை பெர்மெத்ரின், மறுநாள் எல்லா விரிப்பும் கொதிநீரில், ஒரு வாரம் கழித்து மறுபடியும். காப்பாளரும் சமையல் அக்காவும் தங்களுக்கும் போட்டுக்கொள்ள வேண்டும். மருந்தை விட்டுவிட்டு அரிப்பவனைத் தனியாகப் படுக்கவைக்கும் விடுதியில் சிரங்கு ஆண்டு முழுக்க இருக்கும்.

சமையலறையில் தினமும் அதிகாலை நான்கரைக்கு அடுப்பு பற்றும். நாற்பது பேருக்கு ஒரு வேளைக்கு ஐந்து கிலோ அரிசி. தோசை நாற்பது பேருக்கு நடக்காத காரியம். அதனால் இட்லி, உப்பிட்டு, சித்ரான்னம், வாரம் ஒருநாள் பூரி. மண்டியாப் பையன்களுக்கு ராகி முத்தே இல்லாமல் வயிறு நிறையாது, தருமபுரிப் பையன்களுக்கும் களி தெரியும் என்பதால் அதில் சண்டையில்லை. ஞாயிறு கோழிக்குழம்பில் துண்டு எண்ணிப் போடுவதை அவர் நிறுத்திவிட்டு, பரிமாறும் கரண்டியைப் பையன்கள் கையிலேயே சுழற்சி முறையில் கொடுத்தார். கரண்டி பிடிப்பவன் கடைசியில் சாப்பிட வேண்டும், அது ஒன்றுதான் சட்டம்.

பந்தியில் காப்பாளர் இவ்வளவு கறாராக இருப்பதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. வ.வே.சு. ஐயர் சேரன்மாதேவியில் நடத்திய குருகுலம் தேசியக் கல்விக்காக, காங்கிரஸின் பண உதவியோடு நடந்த விடுதி. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்டது தெரியவந்ததும், 1924, 25-ல் தமிழ்நாடே கொந்தளித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். ஐயர் 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப்போய் இறந்தார். தமிழக அரசியலின் போக்கையே திருப்பிய விவகாரங்களில் ஒன்று, ஒரு மாணவர் விடுதியின் சாப்பாட்டுத் தட்டில் தொடங்கியிருக்கிறது. இந்தப் பக்கம் தும்கூரு சித்தகங்கா மடத்தில், 2019 ஜனவரியில் 111 வயதில் மறைந்த சிவகுமார சுவாமிகள், எல்லாச் சாதி மதப் பிள்ளைகளுக்கும் இலவசமாகத் தங்குமிடமும் உணவும் கல்வியும் கொடுத்தார். அங்கே தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பத்தாயிரம் பேர் அளவில். காப்பாளர் அங்கே போய்ச் சமையற்கூடத்தைப் பார்த்து வந்தவர். அவ்வளவு பெரிய கூட்டத்தில் எல்லோரும் ஒரே தரையில் உட்கார்ந்து உண்பது அவருக்கு மறக்கவில்லை.

அவருடைய பந்திக்குச் சோதனை 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி வந்தது. காவிரியில் தமிழ்நாட்டுக்கு நொடிக்கு 12,000 கன அடி திறக்க உச்ச நீதிமன்றம் சொன்ன நாள். மதியத்துக்குள் பள்ளிகள் பிள்ளைகளை அனுப்பிவிட்டன. மாலையில் தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் பேருந்துகள் ஒரே பணிமனையில் வரிசையாக எரிந்ததைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. பல காவல் நிலைய எல்லைகளில் ஊரடங்கு. 1991 டிசம்பரில் இதே காவிரிக்காக நகரத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது காப்பாளர் இளைஞர், பயம் எப்படி இருக்கும் என்று அறிந்தவர். அவரிடம் அன்று மண்டியாப் பிள்ளைகளும் தருமபுரிப் பிள்ளைகளும் ஒரே கூடத்தில் இருந்தார்கள். பெற்றோரின் தொலைபேசி அழைப்புகள் இரண்டு பக்கத்திலிருந்தும் விடாமல் வந்தன.

தொலைக்காட்சியை அணைத்தார். கதவைச் சாத்திவிட்டு, வழக்கத்துக்கு ஒருமணி நேரம் முன்பே சாப்பாட்டு மணியை அடிக்கச் சொன்னார். பரிமாறும் முறை அன்று மண்டியாப் பையன் ஒருவனுடையது. வயலுக்குத் தண்ணீர் இல்லாமல் அவன் அப்பா மறியலில் உட்கார்ந்திருந்தார். எதிர்வரிசையில் கடைமடைத் தஞ்சாவூரில் மாமா வீடு வைத்திருக்கும் ஒருவன். சாப்பிட்டுக்கொண்டே இரண்டு பேரும் அவரவர் ஊரில் எந்த மாதம் நாற்று நடுவார்கள் என்று பேசத் தொடங்கினார்கள். காப்பாளர் குறுக்கிடவில்லை. மறுநாள் பக்ரீத் விடுமுறை. வெளியே போக முடியாததால் மொட்டைமாடியில் கிரிக்கெட் ஆடினார்கள், அணி பிரித்ததும் ஊர் பார்த்தல்ல. அன்றைய தினம் நாற்பது பேரில் ஒருவனைக்கூட வீட்டுக்கு அனுப்ப வேண்டிவரவில்லை என்பதை அவர் இன்றும் பெருமையோடு சொல்கிறார்.

இரவுக் கதவு இன்னொரு தீராத சிக்கல். 2014 ஜூனில் பொள்ளாச்சியில் விடுதி ஒன்றுக்குள் வெளியாள் நுழைந்து இரண்டு சிறுமிகளுக்குச் செய்த கொடுமைக்குப் பிறகு, தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை முறைப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. அப்படியானால் பூட்டு போடு என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் கென்யாவின் கியாங்குலி பள்ளியில் 2001 மார்ச்சில் விடுதிக்குத் தீ வைக்கப்பட்டபோது, இரண்டு கதவில் ஒன்று பூட்டியிருந்தது, சன்னல்களில் கம்பி. 67 மாணவர்கள் வெந்துபோனார்கள். 2023 மே மாதம் கயானாவின் மாடியா ஊரில் சிறுமிகள் விடுதியில் 20 பிள்ளைகள் இறந்ததும் பூட்டிய கதவுக்கும் கம்பி போட்ட சன்னலுக்கும் பின்னால்தான். கைப்பேசியைப் பறிமுதல் செய்த கோபத்தில் ஒரு மாணவியே தீ வைத்ததாகச் செய்திகள் வந்தன.

வெளியாள் உள்ளே வரக் கூடாது, உள்ளிருப்பவர் உடனே வெளியேற முடிய வேண்டும். இரண்டுக்கும் ஒரே விடை விழித்திருக்கும் ஆள்தான். கூடத்துக்கு இரண்டு கதவு, இரண்டிலும் பத்து வயதுப் பையன் கைக்கு எட்டும் உள்தாழ்ப்பாள், பூட்டு கிடையாது. ஒரு சன்னல் கம்பி வெளியே திறக்கும்படி கீலில் அமைந்தது. மாதம் ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு, சுவரைத் தடவியபடி கீழே இறங்கும் பயிற்சி. பையன்களுக்கு அது விளையாட்டு. காப்பாளர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கைப்பேசியை அவரும் வாங்கி வைத்தார், ஆனால் பறித்ததில்லை. உறையில் பெயர் எழுதி, வாரத்தில் எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்பக் கிடைக்கும் என்று பையன் எதிரிலேயே குறித்துக் கொடுத்தார்.

அடிப்பதை 2009 கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் தடை செய்கிறது. பாலியல் கொடுமையை அறிந்தும் சொல்லாமல் இருப்பது 2012 போக்சோ சட்டப்படி தண்டனைக்குரியது. சட்டங்கள் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றன. காப்பாளர் அதற்கு மேல் ஒரு வழக்கத்தைச் சேர்த்தார்: தன் அறை உட்பட எந்த அறையிலும் பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவனும் மட்டும் கதவு சாத்தியிருக்கக் கூடாது. காய்ச்சல் பையனுக்கு ஒத்தடம் கொடுக்கும்போதும் கதவு திறந்தே இருக்கும். இதைத் தன்மேல் அவநம்பிக்கையாக எடுத்துக்கொள்ளும் காப்பாளர் இந்த வேலைக்கு ஆகமாட்டார் என்கிறார்.

இப்போது அவர் ஓய்வில் இருக்கிறார், வீடு அதே வட்டாரத்தில்தான். பிள்ளையை விடுதியில் சேர்ப்பதற்கு முன் யோசனை கேட்டு உறவுக்காரர்களும் பழைய மாணவர்களும் வருகிறார்கள். முன்னாள் மாணவர்களில் சிலர் இப்போது தகப்பன்கள். கட்டடத்தையும் கணினி அறையையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், மாலை ஆறு மணிக்குப் போங்கள் என்பார். கழிவறைக்குப் போய்ப் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடுங்கள். கூடத்துக் கதவைப் பிள்ளையை விட்டே திறக்கச் சொல்லுங்கள். பிறகு காப்பாளரைத் தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்கு வார விடுமுறை உண்டா, நீங்கள் தூங்கும்போது கூடத்தை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கச் சொன்னால் பெற்றோர் விழிப்பார்கள். அவர் விளக்குவார். ஆண்டு முழுக்க ஒரே ஆளிடம் நாற்பது பிள்ளைகளை விட்டால், டிசம்பருக்குள் அவர் கை ஓங்கத் தொடங்கும். கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, தூக்கமில்லாதவராக இருந்தால் போதும். தன்னுடைய இடத்துக்கு இரண்டாவது ஆளை வைக்கச் சொல்லி நிர்வாகத்திடம் பல ஆண்டுகள் மன்றாடி வாங்கினார். அப்படி வந்த இளைஞர்தான் இப்போது அங்கே காப்பாளர். அவரும் பதவியேற்ற முதல் மாதமே தனக்கு ஒரு மாற்றாளைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.